செம்புத் தகட்டில் ஓர் அருவுருவம்

சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பாவைச் சென்னைக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போனேன். அவருக்கு மதுரையில் பாத்திரப் பட்டறை. பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று நாற்பது வருடம் தகட்டோடு வாழ்ந்தவர். ஓவியங்கள் இருந்த அறைகளை மரியாதைக்காக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பம் ஒன்றின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். இது என்ன உருவம் என்று அவர் கேட்கவே இல்லை. கழுத்தை நீட்டி, ஒரு செம்புத் தகடும் பித்தளைக் கம்பியும் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்த வச்ச கை நல்ல கைடா. வேணும்னேதான் வழிய விட்டிருக்கான், பாரு. நம்ம பட்டறையில இப்படி வழிஞ்சா அரம் போட்டுத் தேச்சுருவோம்."

நவீன சிற்பம் பற்றி நான் வாசித்த பல பக்கங்களைவிட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொன்னது. அவர் சொன்ன இடத்தைப் பிறகு நானும் உற்றுப் பார்த்தேன். உருகிய பித்தளை சிவந்த செம்பின் மேல் துளித்துளியாக இறங்கி, மணி கோத்தது போல உறைந்திருந்தது. குடத்தில் அது குறை. இங்கே அதுதான் அலங்காரம். அந்தத் துளியைப் புரிந்துகொண்டால் நந்தகோபாலின் வேலையில் பாதி புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நந்தகோபால் 1946-இல் பிறந்தார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் மகன். ஆனால் நேராகத் தூரிகையைப் பிடித்தவர் இல்லை. சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து 1966-இல் பட்டம் வாங்கினார். அதற்கு அப்புறம்தான் எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்து 1971-இல் படிப்பை முடித்தார். லலித் கலா அகாதமியின் தேசிய விருது கிடைத்தது. 1978-இல் டெல்லியில் நடந்த நான்காவது திரினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். சோழமண்டலத்திலேயே வாழ்ந்து, அந்தக் கிராமத்தின் நிர்வாகத்தையும் பல காலம் தோளில் சுமந்து, 2017-இல் மறைந்தார். விருதுப் பட்டியல் இந்த அளவு போதும். அந்தக் கைக்கு அந்த வடிவங்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

அதற்கு முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்த வகைச் சிற்பத்தைத் தமிழில் 'அரூபம்' என்று எழுதுகிறோம். உருவம் இல்லாதது என்று பொருள். நந்தகோபாலின் வேலைக்கு இந்தச் சொல் பொருந்தவில்லை. அவருடைய சிற்பத்தில் ஒரு மரம் தெரியும், பறவை போல ஒன்று தெரியும், யாரோ நிமிர்ந்து நிற்பது தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் அவை தகடும் கம்பியும் வளையமுமாகக் கலைந்துவிடும். மறுபடி பார்த்தால் மறுபடி கூடும். இதற்குச் சைவம் பழகிய நம் ஊரில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அருவுருவம். நடராசர் உருவம். லிங்கம் அருவுருவம். கண்ணுக்குத் தெரிகிற ஒரு வடிவம் இருக்கிறது, ஆனால் முகமும் கையும் காலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு மூவாயிரம் மைல் தள்ளிப் போய்ச் சொல் தேட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இது இன்னும் எளிது. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியைக் கும்பிடப் போகிறவர்கள் எதைக் கும்பிடுகிறார்கள்? சாத்திய கதவை. அங்கே சிலை கிடையாது. கதவுக்குச் சந்தனம் பூசி, மாலை சாத்தி, அதன் முன் நின்று சத்தியம் செய்கிறார்கள். பொய்ச் சத்தியம் செய்ய அந்தக் கதவின் முன் யாருக்கும் நெஞ்சு வராது. கருப்பனுக்கு நேர்த்திக்கடனாக வரும் அரிவாள்களைப் பாருங்கள். ஆள் உயரத்தையும் தாண்டியவை உண்டு. திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் இந்தப் பக்கம் பெயர் பெற்றது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி அடித்து அரிவாள் செய்வார்கள். வயலுக்கோ தோப்புக்கோ போகிற அரிவாளுக்கு ஓர் அளவு உண்டு. கருப்பனுக்குப் போகிற அரிவாளை யாராலும் வீச முடியாது. வேலைக்கான அளவைத் தாண்டி வளர்ந்த பிறகு அந்த இரும்பு வெறும் வளைவாகவும் கூராகவும் மட்டும் நிற்கிறது. பார்க்கிறவன் முதுகுத்தண்டில் அது என்ன செய்கிறதோ அதுதான் சிற்பம் செய்கிற காரியம். அதை அடித்த கொல்லர் தன்னைச் சிற்பி என்று சொல்லிக்கொண்டதில்லை.

இன்னொன்று மீனாட்சி அம்மன் கோவிலுக்குள்ளேயே இருக்கிறது. மீனாட்சி நாயக்கர் மண்டபத்தில் 1008 விளக்குகள் கொண்ட பித்தளைத் திருவாசி. சிவகங்கைச் சீமை தந்த கொடை. திருவாசி என்பது சாமிக்குப் பின்னால் வளைந்து நிற்கும் ஒளிவட்டம். இங்கே வட்டம் இருக்கிறது, நடுவில் சாமி இல்லை. வழிதான் இருக்கிறது. நாம் அதன் ஊடாக நடக்கிறோம். சின்ன வயதில் விளக்குகளை எண்ணிப் பார்த்துத் தோற்றது மட்டும்தான் எனக்கு நினைவு. இன்று அந்த வளைவைப் பார்க்கும்போது, நந்தகோபாலின் சிற்பங்களில் ஓரம் முழுக்கச் சுடர் போலக் கொத்துக்கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு நுனிகள் ஞாபகத்துக்கு வருகின்றன.

சரி, அவர் படித்த இடத்துக்கு வருவோம். சென்னை ஓவியக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. ஆரம்பத்திலிருந்தே கைத்தொழிலுக்கு அங்கே இடம் உண்டு. மரவேலை, மட்பாண்டம், உலோக வேலை எல்லாம் ஓவியத்துக்குப் பக்கத்து அறையில் நடந்தன. ஒரு தகவல் என் சித்தப்பாவுக்கே புதிது. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அந்தப் பள்ளியில் இருந்த காலத்தில், 1898 வாக்கில், அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனை தொடங்கியது. கொஞ்ச காலத்தில் அது தனிக் கம்பெனியாகவே வளர்ந்தது. நம் வீட்டில் சோறு வடித்த அலுமினியச் சட்டிக்கும் தமிழ்நாட்டின் நவீன உலோகச் சிற்பத்துக்கும் ஒரே பள்ளிக்கூடம்.

1929-இலிருந்து 1957 வரை அங்கே தேவி பிரசாத் ராய் சௌத்ரி இருந்தார். மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை அவருடையது, 1959-இல் நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் ஒரு பாறையை நெம்புகிறார்கள். நரம்பு, தசை, வியர்வை வரை வெண்கலத்தில் வார்த்திருக்கிறார். அதைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது முழு உடம்பு. ஐரோப்பாவில் வளர்ந்த அந்த முறை நம் கைக்கு எவ்வளவு நன்றாக வந்தது என்பதற்கு அந்தச் சிலையே சாட்சி. அவருக்குப் பின் பணிக்கர் முதல்வரானார். அதே காலத்தில் சிற்பத் துறையில் எஸ். தனபால் இருந்தார். கேள்வி மாறியது. நம் ஊர்க் கையிலிருந்து ஒரு நவீன வடிவம் பிறக்குமா? ஓவிய மாணவர்களைப் பணிக்கர் கைத்தொழில் பிரிவுகளுக்குள் போய்ப் பழகச் சொன்னதும் இதற்காகத்தான்.

முதலில் அந்தக் கேள்விக்குத் தகட்டில் பதில் சொன்னவர் பி.வி. ஜானகிராம் (1930–1995). நந்தகோபாலைப் பற்றிப் பேசும்போது இவரைத் தாண்டிப் போக முடியாது. போகவும் கூடாது. கோவில் கவசத்திலிருந்து அவர் தன் வழியைப் பிடித்தார்.

கவசம் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று தெரியும். மூலவர் கருங்கல். அவருக்கு அளவெடுத்து முகம், மார்பு, கை, பாதம் என்று தனித்தனியாகச் செம்பிலோ வெள்ளியிலோ தகடு வெட்டுவார்கள். செங்கல் பொடி, குங்கிலியம், எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய அரக்கின் மேல் தகட்டைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து மொட்டை உளியால் தட்டித் தட்டி எழுப்புவார்கள். அரக்கு இளகியும் இளகாமலும் இருக்க வேண்டும். ரொம்ப இறுகினால் தகடு கிழியும், ரொம்ப இளகினால் வடிவம் நிற்காது. கொஞ்ச நேரம் அடித்ததும் செம்பு முறுக்கேறிக்கொள்ளும், அதற்கு மேல் அடி வாங்காது. அப்போது எடுத்து, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டால் மறுபடி துணி மாதிரி மெதுவாகிவிடும். இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும், செம்புக்கு நேர்மாறு. பின்னால் எழுப்பியது முடிந்ததும் திருப்பிப் போட்டு, முன்பக்கத்தில் கண்ணும் புருவமும் நகையும் கீறுவார்கள். இதுதான் நகாசு வேலை.

ஜானகிராம் இந்தத் தகட்டை எடுத்தார், உள்ளே இருந்த கல்லை எடுத்துவிட்டார். அவருடைய கிறிஸ்து, பிள்ளையார், தேவி எல்லாம் கல் இல்லாத கவசங்கள். தகட்டைப் பின்னாலிருந்து புடைத்து, முன்னால் கம்பிகளைக் கோடாகப் பற்றவைத்து, மூக்கு, கண், மகுடம் என்று வரைந்தார். பளபளப்பை வேண்டுமென்றே கொன்று, செம்பைக் கருக்கச் செய்தார். அந்தக் கருமையில் ஒரு துயரம் இருக்கிறது. கிறிஸ்து முகங்களில் அது அதிகம். எனக்கு ஜானகிராமின் வேலை நந்தகோபாலின் வேலையைவிட ஒரு படி நெருக்கமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைவாகப் பேசுகிற சிற்பங்கள் அவை.

கவசம் ஒரு பக்கம் மட்டுமே உள்ள பொருள் என்பதைக் கவனியுங்கள். அதற்கு முதுகு கிடையாது. இதிலிருந்துதான் சென்னைச் சிற்பிகளின் பெரிய அடையாளமே வந்தது: முன்முகமாக நிற்கும் சிற்பம். நந்தகோபால் தன் வேலையை 'முன்முகக் கதைச் சிற்பம்' என்ற பொருளில் அழைத்துக்கொண்டார். ஐரோப்பிய இலக்கணப்படி இது குறை. சிற்பம் என்றால் சுற்றி வர வேண்டும், நாலு பக்கமும் கனம் இருக்க வேண்டும். ஆனால் சாமியை யார் சுற்றி நின்று பார்க்கிறார்கள்? கோவிலைச் சுற்றுவோம், பிராகாரம் சுற்றுவோம். சாமியை நேருக்கு நேர்தான் பார்ப்போம். இரண்டு கண்ணும் இரண்டு கண்ணும் சந்திப்பதற்குப் பெயர்தான் தரிசனம்.

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் நின்றிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதல் நாள் சுவாமி கற்பக விருட்ச வாகனத்தில் வருவார். மரச்சட்டத்தின் மேல் உலோகத் தகடு போர்த்திய மரம். கூட்டம் நெருக்கும், தோளில் பிள்ளைகள் இருக்கும், தூரத்தில் தீவட்டி தெரியும், மேளம் நெருங்கும். வாகனம் திரும்பி நமக்கு முன்முகம் காட்டுகிற சில நொடிகள்தான் கணக்கு. அந்த நொடிகளுக்காகத்தான் அந்தத் தகட்டு வேலை அத்தனையும். வாகனம் கடந்து போன பின் முதுகுப் பக்கத்தில் சட்டம், கயிறு, பிடித்துக்கொண்டு வருகிற ஆட்கள். அதை யாரும் குறை சொல்வதில்லை. இயற்பியல் படித்த ஒரு பையன் சிற்பத்துக்கு வந்தபோது இந்தப் பார்க்கும் பழக்கத்தையே தன் இலக்கணமாக எடுத்துக்கொண்டது சாதாரணத் துணிச்சல் இல்லை. அந்தக் காலத்து இந்திய நவீன சிற்பிகளில் பலர் மேற்கைப் பார்த்து 'முப்பரிமாணம், கனம்' என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்கிலும் உலோகச் சிற்பம் பட்டறையிலிருந்துதான் வந்தது என்பதை மறக்கக் கூடாது. ஹூலியோ கோன்சாலஸ் உலோகக் கைவினைக் குடும்பத்துப் பிள்ளை. பாரிசில் ரெனால்ட் தொழிற்சாலையில் கேஸ் வெல்டிங் கற்றார். 1928-ஐ ஒட்டிய வருடங்களில் பிக்காசோவுக்கு வெல்டிங் செய்து கொடுத்தவர் அவர். அமெரிக்காவின் டேவிட் ஸ்மித் (1906–1965) இளவயதில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், உலகப்போர் சமயத்தில் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார். அவர்கள் கம்பியால் வெளியில் கோடு வரைந்தார்கள். நம்மவர்கள் தகட்டால் முகம் செய்தார்கள். அங்கே எஞ்சினும் தொழிற்சாலையும், இங்கே கவசமும் வாகனமும். வெல்டிங் விளக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று.

கவசமும் வாகனமும் முதல் ஊற்று என்றால், நந்தகோபாலின் கைக்கு வந்த இரண்டாவது ஊற்று அவருடைய வீடு. பணிக்கர் 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசை ஓவியங்களைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம் போலவும், ஓலைச்சுவடி போலவும், கணக்குப் பாடம் போலவும் எழுத்துகள் பரப்பு முழுவதும் ஓடும். வாசித்துப் பொருள் காண முடியாது, ஆனால் எழுத்து என்று தெரியும். அதே அருவுருவ நிலைதான். அப்பா எழுத்தில் செய்ததை மகன் தகட்டில் செய்தார் என்றே எனக்குப் படுகிறது. நந்தகோபாலின் சிற்பத்தில் சின்னச் சின்னத் துண்டுகள், வளைவுகள், புள்ளிகள் ஒரு பரப்பை நிறைப்பதைப் பார்த்தால், யாரோ ஏதோ எழுதியிருப்பது போலவே இருக்கும். ஒரு குறையும் இதிலிருந்தே வருகிறது. சில சிற்பங்களில் நிறைப்பது கொஞ்சம் அதிகமாகிவிடுகிறது. கண் நிற்க ஓரிடம் கிடைக்காமல் அலையும். ஜானகிராம் விடுகிற வெற்றிடத்தை இவர் விட மாட்டார்.

மூன்றாவது, நடுகல், அதாவது இறந்த வீரனுக்காக நட்ட நினைவுக்கல். 'நடுகல்லின் நினைவுகள்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் சிற்பங்கள் செய்திருக்கிறார். இங்கே மதுரைப் பக்கத்துக்காரன் என்ற உரிமையில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் இருக்கிற புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கல்லில், கூடலூரில் நடந்த ஆகோள் பூசலும், அதில் இறந்த தீயன் அந்தவன் பெயரும் இருக்கிறது. ஆகோள் என்றால் அடுத்தவர் மாட்டைக் கவர்வது; அந்தச் சண்டையில் செத்தவன். வாள் ஓங்கிய வீரன் உருவம் அந்தக் கல்லில் இல்லை. கல்லும் பெயரும்தான். பிற்காலத்து நடுகற்களில்தான் வீரன் முழுதாக வந்து நிற்கிறான், அம்பு தைத்து, குதிரை மேல், தேவமாதர் தூக்கிப் போக. ஒரே பலகைக்குள் முழுக்கதை, ஒரே முன்முகம். இறந்தவனை நினைக்க உருவம் கட்டாயமில்லை என்று நம் பக்கத்து ஆட்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே முடிவுசெய்திருக்கிறார்கள். நந்தகோபால் நடுகல்லை உலோகத்துக்குக் கொண்டுவந்தபோது வீரனைத் திரும்பச் செதுக்கவில்லை. அந்த நிமிர்வை, பலகை போல எழும் உயரத்தை, அதற்குள் அடுக்கிய துண்டுகளை எடுத்துக்கொண்டார். அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பக்கம்தான்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிற்பத்துக்கு நிறம் வேண்டாம் என்பது இன்னொரு மேற்கத்திய ஒழுக்கம். நந்தகோபால் செம்பின் சிவப்பையும் பித்தளையின் மஞ்சளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார், சில இடத்தில் வெள்ளி முலாம் பூசினார், எனாமல் வண்ணமும் சேர்த்தார். இது பார்க்க எளிது, செய்யக் கடினம். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். பித்தளை அதற்கு முன்பே இளகிவிடும். பித்தளைக்குள் இருக்கும் துத்தநாகமோ 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாக எழும்பும். ஆகவே சுடரை எங்கே காட்டுவது, எப்போது விலக்குவது என்பது கைக்குத்தான் தெரியும். பற்றவைக்க உதவும் வெங்காரத்தைத் தூவி, அது கண்ணாடி போல உருகி ஓடும்போது பித்தளைக் குச்சியைத் தொட்டால், உலோகம் தானே இடுக்குக்குள் ஓடிப் பிடித்துக்கொள்ளும். நகைத் தொழிலில் பொடி வைத்து ஊதுவது என்பார்களே, அந்தக் குடும்பத்து வேலைதான் இது. குச்சியை ஒரு கணம் கூடுதலாகத் தொட்டால் பித்தளை வழிந்து துளியாகும். சித்தப்பா பார்த்தது அந்தக் கணத்தை.

இதெல்லாம் நடந்த இடம் சோழமண்டலம். 1966-இல் பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சிற்பிகளுமாக முப்பது, நாற்பது பேர் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கினார்கள். மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற காசு அதற்கு உதவியது. படம் விற்காத மாதத்திலும் அடுப்பு எரிய வேண்டும், அதற்குக் கைத்தொழில் இருக்கட்டும் என்பது ஏற்பாடு. கலைஞன் கைத்தொழிலுக்கு இறங்கினால் கலை கெட்டுவிடும் என்று பேசியவர்களும் இருந்தார்கள். உலோகச் சிற்பத்தில் மட்டுமாவது அந்தப் பேச்சு தவறாகிப்போனது. பட்டறை இல்லாமல் இந்தச் சிற்பம் இல்லை.

'இது கோவில் அலங்காரத்தை எடுத்து ஏலக் கூடத்துக்குப் பொருத்தியதுதானே' என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். திருவாசியும் மயிலும் வைத்துவிட்டால் இந்தியத்தன்மை வந்துவிடும் என்று நம்பிச் செய்த சுமாரான வேலைகள் அந்தக் காலத்தில் நிறைய வந்தன. ஓட்டல் வரவேற்பறைகளில் இன்றும் பார்க்கலாம். நந்தகோபாலை அவற்றிலிருந்து பிரிப்பது, அவர் மயிலை மட்டும் எடுக்காமல் பார்க்கும் முறையையே எடுத்தது. முன்முகத்தை ஓர் அலங்காரமாக அவர் நினைக்கவில்லை. சிற்பமும் பார்க்கிறவனும் எங்கே எப்படி நிற்க வேண்டும் என்று அது முடிவுசெய்கிறது.

வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி என்று சொல்வோம். மதுரையில் வெண்கலக்கடைத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், குத்துவிளக்கு வரிசையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தட்டு, தண்டு, வளையம், குமிழ், உச்சியில் அன்னம். ஒவ்வொன்றும் தனி மரை போட்டுக் கோத்த துண்டு. கழற்றிப் பரப்பினால் உருவம் இல்லை. திருகிச் சேர்த்தால் அது எழுந்து நிற்கும்.

அன்று சோழமண்டலத்தில் வெளியே தோட்டத்துக்கு வந்தோம். உப்புக் காற்று பட்டு அங்கே இருந்த உலோகத்தின் மேல் பச்சை படர்ந்திருந்தது. சித்தப்பாவுக்கு மனது கேட்கவில்லை.

"களிம்பு ஏறிக் கெடக்கே. ஒரு நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிருமே, ஏன் விட்டு வச்சிருக்காங்க?"

சில சிற்பிகள் அந்தப் பச்சையும் கருப்பும் வேண்டும் என்றே விடுவார்கள் என்றேன். ஜானகிராமைப் பற்றியும், அவர் செம்பைக் கருக்கவிட்டதைப் பற்றியும் சொன்னேன். சித்தப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்சம் நெருங்கிப் போய், விரல் நகத்தால் மெதுவாக ஒரு ஓரத்தைச் சுரண்டி, கீழே சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் வந்து, நேராக நின்று பார்க்க ஆரம்பித்தார்.